வெலாசிட்டி 28, அதனால் என்ன?

தம்பி, முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலைகளை வாங்கும் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள். சிறுதோட்டக்காரர் லாரியில் குலை கொண்டுவருவார். எடை போட்டு, தரம் பார்த்து, ரசீது அடித்து, மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்க வேண்டும். வேலை கொடுத்தவர் கோலாலம்பூர்க்காரர். அவருக்கு அங்கே இன்னொரு குழுவும் உண்டு. அந்தக் குழு இரண்டு வார ஸ்பிரிண்டில், அதாவது ஒரு வேலைச் சுற்றில், 60 பாயிண்ட் முடிக்கிறதாம், நீங்கள் 28. பாயிண்ட், முழுப் பெயரில் ஸ்டோரி பாயிண்ட், என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழுவே ஊகித்துப் போடும் எண்; ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்டுகளின் கூட்டுத்தொகைதான் வெலாசிட்டி. "பாதிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டுவிட்டார். வெலாசிட்டியை எப்படி ஏற்றுவது, பாயிண்டை விட்டு மணிக்கணக்குக்கு மாறலாமா, மிச்ச வேலை எப்போது முடியும் என்று அவருக்கு என்ன பதில் சொல்வது என்பவை உங்கள் கேள்விகள். தீபாவளி வாரத்தைப் பற்றிச் சின்னதாக ஒன்றும் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

வெலாசிட்டியை ஏற்றுவது மிகச் சுலபம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து 3 போடும் இடத்தில் 8 போடுங்கள். ஒரே ஸ்பிரிண்டில் கோலாலம்பூரைத் தாண்டிவிடலாம்.

கிண்டல் செய்யவில்லை, நானே செய்திருக்கிறேன். சைபர்ஜெயாவில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஒரு வருடம் போனஸை வெலாசிட்டியோடு முடிச்சுப் போட்டார்கள். எங்கள் குழு அப்போது 40இல் இருந்தது. ஆறே மாதத்தில் 75. இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. 5ஆ 8ஆ என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் 8 வென்றது. பிழை திருத்தும் வேலைக்கும் பாயிண்ட் கிடைக்கத் தொடங்கியது. ஒரு 8, மூன்றாகப் பிரிந்து மூன்று 5 ஆனது. வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த வசதிகளை ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். முந்தைய அரையாண்டைவிட இரண்டு குறைவாக இருந்தது. மேலதிகாரி அந்த 75ஐப் பெரிய திரையில் காட்டிக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்தைப் பின்னால் வந்தவர்கள் சுருக்கிச் சொல்வார்கள்: அளவை இலக்காக்கினால் அது அளவையாக இருப்பதை விட்டுவிடும்.

நம் தோட்டங்களில் இந்த நோய்க்கு மருந்தே வைத்திருந்தார்கள். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகள் ஆட ஸ்டோருக்கு வருவார். பள்ளி விடுமுறையில் நானும் பின்னாலேயே போவேன். பாலின் எடை கூடினால் காசு கூடும் என்றால், வாளியில் ஒரு செம்பு தண்ணீர் சேர்க்கும் ஆசை யாருக்கும் வரும். சிலர் சேர்த்தும் இருக்கிறார்கள். அதனால் தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையோடு நிறுத்தமாட்டார். ஒரு குவளையில் பாலை எடுத்து, அதற்குள் தண்டு நீண்ட ஒரு மிதவையை மெல்ல விடுவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் கெட்டிப் பாலில் மிதவை ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்த பாலில் எழும்பி நிற்கும். கிராணி குனிந்து, தண்டில் பால் தொடும் கோட்டைப் பார்த்து, எடைக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை எழுதுவார். சுத்தமான பாலிலேயே ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் நீர். மங்கில் மழை விழுந்த நாளில் இன்னும் இளகிவிடும், அதில் அம்மா செய்த குற்றம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் கணக்கு.

ஸ்டோரி பாயிண்ட் என்பது வாளியின் எடை. உங்கள் 28ம் அவர்களுடைய 60ம் வெவ்வேறு தோட்டத்து வாளிகள், இரண்டிலும் மிதவையை யாரும் விட்டுப் பார்க்கவில்லை. எது பெரியது என்று கேட்பதிலேயே பொருள் இல்லை. வாடிக்கையாளரிடம் இதே உவமையைச் சொல்லலாம். குலை வியாபாரத்தில் இருப்பவர், எடைக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உடனே பிடிபடும்.

மணிக்கணக்குக்கு மாறும் யோசனையை விட்டுவிடுங்கள். பாயிண்ட் பிறந்ததே அதிலிருந்து தப்பிக்கத்தான். 1990களின் நடுவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளுக்காக கெண்ட் பெக்கும் ரான் ஜெஃப்ரீஸும் வேலை செய்தபோது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறை உருவானது. தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வொரு வேலையையும் இடையூறே இல்லாத முழு நாள்களில் கணித்தார்கள். தொலைபேசி, கூட்டம், பிறர் கேட்கும் உதவி எல்லாம் சேர்ந்ததால் அப்படிப்பட்ட ஒரு நாள் வேலைக்கு நடப்பில் மூன்று நாள் பிடித்தது. "ஒரு நாள் என்றீர்கள், மூன்று நாளாகிவிட்டதே?" என்று மேலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. நாள் என்ற சொல் இருந்தால்தானே இந்தச் சண்டை என்று அதை எடுத்துவிட்டுப் பாயிண்ட் என்று வைத்தார்கள். பல வருடம் கழித்து ஜெஃப்ரீஸ், இதைக் கண்டுபிடித்தது நானாகவே இருக்கலாம், அப்படியானால் வருந்துகிறேன் என்ற பொருளில் எழுதினார். குழுக்களை ஒப்பிட்டு அடிக்கும் கோலாக அது மாறியதுதான் அவருக்கு வருத்தம். உங்கள் வாடிக்கையாளர் கையில் இருப்பது அதே கோல்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையை வகுத்த கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டில் ஸ்டோரி பாயிண்ட் கிடையாது. ஸ்பிரிண்டில் எடுத்துக்கொள்ளும் வேலைக்கு முதலில் வாக்குறுதி என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டிருந்தார்கள். 2011 பதிப்பில் அதை எடுத்துவிட்டு முன்கணிப்பு என்ற சொல்லை வைத்தார்கள். "போன ஸ்பிரிண்டில் 32 சொன்னோம், 28தான் முடித்தோம், தோற்றுவிட்டோம்" என்று எழுதியிருந்தீர்கள். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லி வராமல் போனால் யாரும் தோற்பதில்லை.

அப்படியானால் பாயிண்ட் போடுவதே வீணா என்று கேட்பீர்கள். எண் வீண்தான், ஆனால் அதைப் போட உட்காரும் அந்த அரை மணி நேரம் தங்கம். போன மாதம் உங்கள் மாடிக்கு வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஓர் அட்டை என்று பலகையில் ஒட்டியிருந்ததில் 'ரசீதை இரண்டாகப் பிரித்து அடித்தல்' என்ற அட்டையை எடுத்தீர்கள். "இது சுலபம், 3 போதும்" என்றீர்கள். நான்கு தலைகள் ஆடின. நான் குறுக்கிட்டு, எல்லாரும் தங்கள் எண்ணுள்ள சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்பச் சொன்னேன். மூன்று பேர் 3, நீங்களும் 3, கடைசியாகச் சேர்ந்த அந்தத் தங்கை மட்டும் 13. காரணம் கேட்டபோதும் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "அண்ணன் சொல்லிவிட்டாரே, நான் எப்படி மாற்றிச் சொல்வது?" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய அப்பா குலை லாரி ஓட்டுகிறவர். நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, குலை வெட்டியவருக்கு ஒரு பங்கு என்று ரசீது பிரியும். ரசீது அடித்த பிறகு, தரம் குறைவு என்று எடையில் கழித்தால் இரண்டு ரசீதையும் ரத்து செய்து புதிதாக இரண்டு அடிக்க வேண்டும். அதற்குள் லாரி கிளம்பிப் போயிருந்தால்? ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த அட்டையை மூன்றாகப் பிரித்தீர்கள். 13 என்ற எண்ணை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டீர்கள், ஆனால் லாரி கிளம்பிப் போன பிறகு என்ன செய்வது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இந்தச் சீட்டு முறைக்குப் பிளானிங் போக்கர் என்று பெயர். ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் எழுதி வைத்தார்; பிறகு மைக் கோன் பரப்பினார். முதலில் காதில் விழும் எண் மனத்தைப் பிடித்து இழுக்கும் என்பதை 1974லேயே உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் சோதித்துக் காட்டியிருந்தார்கள். கவிழ்த்து வைப்பது அதற்காக. நம்மிடம் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மூத்தவர் பேசிய பிறகு இளையவர் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். சீட்டு பேசினால் வாய் பேசியதாக ஆகாது. மூத்தவர் நீங்கள், கடைசியில் பேசுங்கள்.

சீட்டில் 1, 2, 3, 5, 8, 13 என்று இடைவெளி கூடிக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு: ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் கண்ணுக்கு, பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் தெரியாது. இத்தாலிக்காரர் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய இந்த வரிசையை, குறில் நெடிலை அடுக்கி எத்தனை விதமாகச் சந்தம் அமைக்கலாம் என்று எண்ணிய இந்திய யாப்பு அறிஞர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள்; ஹேமசந்திரர் அவர்களில் ஒருவர். இது வேலைக்கு உதவாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி முக்கியமான கேள்வி: மிச்சம் எப்போது முடியும்? இதற்கு உங்கள் மனத்தைக் கேட்காதீர்கள். மனம் எப்போதும் நல்ல நாளைத்தான் காட்டும். கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு, பிறகு உண்மையில் எப்போது முடித்தார்கள் என்று பார்த்தார்கள். 1994இல் வெளிவந்த ஆய்வு அது. சராசரியாகச் சொன்னது 33.9 நாள், ஆனது 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர். முன்னரும் தாமதமானது அவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் "இந்த முறை வேறு" என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றுகிறது, போன கடிதத்தில் "அடுத்த ஸ்பிரிண்டிலிருந்து சரியாகிவிடும், அக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா மகன் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். வரும் மாதங்களில் ஆலைக்கு எத்தனை டன் குலை போகும் என்று தலைமை அலுவலகத்துக்கு அவர் முன்கூட்டியே கணக்கு அனுப்ப வேண்டும். அதற்காகக் குலை வெட்டுகிறவர்களைக் கூட்டி வைத்து "நீ எவ்வளவு வெட்டுவாய்?" என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பத்து நிரைக்கு ஒரு நிரை நடந்து, ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து, இன்னும் பழுக்காத கறுப்புக் குலைகளை எண்ணி வருவார். இன்று கறுப்பாக இருப்பது வரும் சில மாதங்களில் பழுத்துத்தான் ஆக வேண்டும். மரத்துக்கு எத்தனை குலை என்ற சராசரி, குலையின் சராசரி எடை, மொத்த மரங்கள் மூன்றையும் பெருக்கினால் விடை. ஹெக்டருக்கு 136 மரம் என்று நட்டிருப்பார்கள், எனவே மூன்றாவது எண்ணுக்கு நடக்கவே வேண்டியதில்லை. மழையும் ஆள் பற்றாக்குறையும் கணக்கைக் கொஞ்சம் இழுக்கும். ஆனாலும் வாய்ச் சொல்லைவிட அது எவ்வளவோ மேல்.

நீங்களும் எண்ணுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி கடந்த 10 வாரத்தில் முடிந்த அட்டைகள்: 4, 6, 3, 5, 0, 7, 4, 5, 2, 4. பாயிண்டை மறந்துவிடுங்கள், வெறும் அட்டைகள். மொத்தம் 40, வாரத்துக்கு 4. மிச்சம் 36 அட்டை. 36ஐ 4ஆல் வகுத்தால் 9 வாரம். இங்கேதான் பலரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். சராசரியை வைத்துச் சொன்ன தேதி, ஏறக்குறைய நாணயம் சுண்டிவிட்ட மாதிரிதான்: பாதி நேரம் தவறும்.

ஒரு பழைய மைலோ டின்னை எடுங்கள். இந்தப் பத்து எண்களையும் பத்துத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள்: 5. முதல் வாரத்தில் 5 முடிந்தது என்று வையுங்கள், மிச்சம் 31. சீட்டைத் திரும்ப டின்னிலேயே போட்டுக் குலுக்குங்கள், அதை மறக்கக் கூடாது. அடுத்து 0 வந்தது, மிச்சம் 31தான். இப்படி 36 தீரும்வரை எடுத்து, எத்தனை வாரமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது ஓர் ஆட்டம். நூறு ஆட்டம் ஆடினால் ஒரு பிற்பகல் போகும். கணினியில் விரிதாளில் ஆயிரம் ஆட்டத்தை ஒரு நொடியில் ஆடிவிடலாம். ஆனால் முதல் இருபதையாவது கையால் ஆடுங்கள். டின்னுக்குள் கை விடுகிறவர் பூஜ்யத்தை இரண்டு முறை எடுக்கும்போது மற்ற நான்கு பேர் முகம் போகும் போக்கைப் பார்த்தால்தான் இந்த முறை மனத்தில் தைக்கும். மான்டே கார்லோ முறை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் விஷயம் இவ்வளவுதான். உங்கள் எண்களுக்கு நான் போட்டுப் பார்த்தேன். 9 வாரத்தில் முடிவது பாதிக்குக் கொஞ்சம் மேல். 10 வாரம் என்றால் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. 11 வாரம் என்றால் பத்தில் ஒன்பது.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 36 என்பது அப்படியே நிற்காது. உங்கள் வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒரு புது வேலை சேர்ப்பவர் என்று நீங்களே சொன்னீர்கள். வாரத்தில் 4 தீர்ந்து 1 சேர்ந்தால் குறைவது 3. சராசரிக் கணக்கே 12 வாரமாகிவிடும். அவர் தாமதம் என்று நினைப்பதில் பாதி, அவர் சேர்த்த வேலைதான். பலகையின் ஓரத்தில் இந்த வாரம் முடிந்தது, இந்த வாரம் சேர்ந்தது என இரண்டே எண்களை எழுதி வைத்தால், யாரும் குற்றம் சாட்டாமலேயே அவர் கண்ணில் படும்.

அட்டைகள் ரொம்பவும் ஏறுமாறாக இருந்தால் எண்ணுவதில் அர்த்தமில்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டியதில்லை, யானையும் எலியுமாக இல்லாமல் இருந்தால் போதும். ஒரு வாரத்தில் முடியாது என்று தோன்றும் அட்டையைப் பிரியுங்கள். உங்களிடம் 'மாதக் கணக்குத் தீர்ப்பு' என்று ஒரு யானை இருக்கிறது. திரை, தரவுத்தளம், அச்சு என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் மூன்றும் முடியும்வரை யாருக்கும் பயனில்லை. ஒரே விலை, முன்பணம் எதுவும் வாங்காத ஒருவருக்குக் கணக்குத் தீர்ப்பது ஓர் அட்டை. முன்பணத்தைக் கழிப்பது இன்னொன்று. மாத நடுவில் விலை மாறினால் என்ன செய்வது என்பது மூன்றாவது. முதல் அட்டை முடிந்த அன்றே நிலையத்தில் யாராவது ஒருவருக்கு அதைக் கொண்டு காசு கொடுத்துப் பார்த்துவிடலாம். உங்களுக்கான மிதவை அதுதான்: பலகையில் 'முடிந்தது' பத்திக்கு ஓர் அட்டை போக வேண்டுமானால், ஏதாவது ஒரு நிலையத்தில் உண்மையான லாரி ஒன்று அதன் வழியாகப் போயிருக்க வேண்டும்.

வேலையைப் பின்தொடர்வது பற்றி. உங்கள் பலகையை அன்றைக்கே எண்ணினேன். 'நடக்கிறது' பத்தியில் 15 அட்டை, ஆட்கள் ஐந்து. வாரத்துக்கு 4 முடிகிறது என்றால், ஓர் அட்டை அந்தப் பத்தியில் சராசரியாக 15ஐ 4ஆல் வகுத்த அளவு, அதாவது கிட்டத்தட்ட நான்கு வாரம் கிடக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டிய விதி இது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், ரோத்தி சானாய்க் கடைக்கும் பொருந்தும். அதே நான்கு முடியும் வேகத்தில், பத்தியில் 6 அட்டைதான் இருக்கலாம் என்று வரம்பு கட்டினால் ஒன்றரை வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்காமலேயே வாடிக்கையாளருக்குப் பதில் பாதிக்கும் குறைவான நாளில் போகும். ஐந்து பேருக்கு 6 அட்டை என்றால் சிலர் சும்மா இருக்க நேருமே என்று கவலைப்படுவீர்கள். சும்மா இருப்பவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிக்கிக் கிடக்கும் அட்டையை முடிக்க உதவட்டும். ஆள் சும்மா இருப்பதைக் கண்டு பதறும் நாம், அட்டை மூன்று வாரமாகச் சும்மா கிடப்பதைக் கண்டு பதறுவதில்லை.

எந்த அட்டை நோயாளி என்று கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. ஓர் அட்டை 'நடக்கிறது' பத்திக்கு வந்த நாளிலிருந்து தினம் காலையில் அதன் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். முடிந்ததும் புள்ளிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். இருபது அட்டை முடிந்த பிறகு நோட்டைப் பாருங்கள். பதினேழு அட்டை ஒன்பது புள்ளிக்குள் முடிந்திருந்தது என்று வையுங்கள். அப்படியானால், புதிதாக ஒரு வேலை வந்து "எத்தனை நாள்?" என்று கேட்டால், "இதுவரை நாங்கள் எடுத்த வேலைகளில் 85 விழுக்காடு ஒன்பது வேலை நாளுக்குள் முடிந்திருக்கிறது" என்று சொல்லலாம். அந்த ஒரு வேலையைப் பற்றி எதையும் ஊகிக்காமல் சொல்லும் பதில் இது. ஏழாவது புள்ளி விழும் அட்டையைப் பற்றி அன்று காலையே பேச வேண்டும், பத்தாவது நாள் அல்ல.

காலைக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எனக்கு உறுத்தியது. ஒவ்வொருவராக எழுந்து, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று உங்களைப் பார்த்தே ஒப்பிக்கிறார்கள். நாற்பது நிமிடம். கங்காணி பெயர் கூப்பிட, ஆள் கை தூக்க, அது பெரட்டு. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு நாலு பேர் வரிசையாக நின்றாலே உடம்பு தானாக அதற்குப் போய்விடுகிறதோ என்னவோ. ஆட்களைக் கேட்காதீர்கள், அட்டைகளைக் கேளுங்கள். பலகையின் வலது பக்கத்திலிருந்து, முடியும் தறுவாயில் இருக்கும் அட்டையில் தொடங்கி இடது பக்கமாக நடந்து வாருங்கள்: இது முடிய என்ன தடை? யார் கை கொடுக்கிறார்கள்? ஆறு அட்டைக்குப் பத்து நிமிடம் போதும். மிச்ச வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் பர்ன்டவுன் வரைபடம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிடித்தால் போடுங்கள், அழகாக இருக்கும். இந்த அளவு குழுவுக்குப் புள்ளியும் நோட்டும் போதும்.

கணிப்பே கூடாது என்று ஒரு கட்சி 2012 வாக்கில் கிளம்பியது. நான் அதில் சேரவில்லை. புது வாடிக்கையாளர் ஒருவர் வந்து, ஒன்றும் தொடங்காத நிலையில், இதற்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டால் எண்ணிப் பார்க்க நம்மிடம் அட்டை எதுவும் இருக்காது. அப்போது ஊகித்துத்தான் ஆக வேண்டும். அந்த நிலையில் செய்யும் ஊகம் நான்கு மடங்கு மேலேயோ நான்கில் ஒரு பங்கு கீழேயோ போகக்கூடும் என்று பாரி போம் 1981லேயே எழுதிவிட்டார். ஆகவே ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். முதல் ஆறு வார வேலைக்கு மட்டும் விலை சொல்லுங்கள். அதற்குள் நோட்டில் சில எண்கள் சேர்ந்துவிடும், மிச்சத்துக்கு அப்போது பேசலாம்.

இப்போதைய வாடிக்கையாளருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இன்று கையில் 36 வேலைகள் உள்ளன. இவை மட்டும் என்றால் 9 வாரத்தில் முடியப் பாதி வாய்ப்பு, 11 வாரத்தில் முடியப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. புதிதாக ஒன்று சேர்க்க விரும்பினால் எதை எடுத்துவிடலாம் என்றும் சொல்லுங்கள், இல்லையென்றால் தேதி நகரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த எண்களைப் புதுப்பித்து அனுப்புகிறோம்." வெலாசிட்டி என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் திரும்ப 60ஐப் பற்றிக் கேட்டால், அந்தக் குழு கடந்த பத்து வாரத்தில் நிலையங்களுக்குக் கொடுத்த வசதிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், உங்களுடையதையும் பக்கத்தில் வையுங்கள். வேகமாக முடிக்க இரண்டு ஆள் தருகிறேன் என்று சொன்னால் மட்டும் உடனே தலையாட்டாதீர்கள். தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது இன்னும் பொய்க்கவில்லை. புதியவருக்குக் குலை ரசீது என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கவே உங்களில் ஒருவருக்கு இரண்டு வாரம் போகும்.

கடைசியாக அந்தச் சின்னக் கேள்வி. ஐந்தாவது வாரத்துப் பூஜ்யம் தீபாவளியால் வந்தது, அது வழக்கமான வாரமில்லை, அந்தச் சீட்டை டின்னிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். நாள்காட்டியை எடுத்து அடுத்த பதினொரு வாரத்தைப் புரட்டுங்கள். தைப்பூசம் இருக்கிறது, உங்களில் இரண்டு பேர் காவடி எடுக்கிறவர்கள். சீனப் பெருநாள் இருக்கிறது, அந்த வாரம் குலை நிலையங்களில் பாதி மூடியிருக்கும், சோதித்துப் பார்க்க லாரி வராது. சீட்டு டின்னிலேயே இருக்கட்டும்.